இன்னிக்குப் பனி இல்ல

போன வாரம் கொடைக்கானலில் ஒரு லாட்ஜ் அறையில், நனைந்த கம்பளிக் காலுறையைக் காயப் போட இடம் தேடி அலைந்தேன். ஹீட்டர் என்று சொல்லி அவர்கள் கொடுத்த பெட்டி முனகியதே தவிர சூடாகவில்லை. கடைசியில் டி.வி.க்குக் கீழே இருந்த செட்டாப் பாக்ஸின் மேல் விரித்துப் போட்டேன். கோழி அடைகாத்து எழுந்த இடம் மாதிரி அது எந்நேரமும் லேசாகச் சுட்டுக்கொண்டிருக்கும், கவனித்திருப்பீர்கள். கால் மணி நேரத்தில் அந்த வாசனை வந்துவிட்டது. ஈரக் கம்பளியும், சூடேறிய தூசியும். பூண்டு ஒன்றுதான் குறை. அதுவும் சேர்ந்திருந்தால் சத்தியமாகத் திரும்பிப் பார்த்திருப்பேன், ராஜி அக்கா பின்னால் நிற்கிறாளா என்று.

ராஜி அக்கா செத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

எங்கள் வீடு பழனி அடிவாரத்தில். அப்பாவுக்குப் பூஜைச் சாமான் கடை. கம்ப்யூட்டர் படித்த எனக்கு முதல் வேலை மலைக்கு மேலே, கொடைக்கானலில் கிடைத்தது. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகளையே பார்த்து வளர்ந்தவள் நான். மங்கி குல்லாய்க்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடந்தவர்களைப் பார்த்து ஒரு வாரம் சிரித்தேன். எட்டாவது நாள் நானும் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டேன். இப்போது பழனியில் அப்பா கடைக்கு மேலே மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். நான் கவனித்துக்கொள்ளும் சர்வர்கள் எந்த நாட்டில் இருக்கின்றன என்றுகூட எனக்குத் தெரியாது. அவற்றின் மேல் யாரும் காலுறை காயப் போட முடியாது என்பது மட்டும் தெரியும்.

அன்றைய சர்வரின் மேல் எல்லாரும் காயப் போட்டோம்.

அது ஒரு சின்ன அலுவலகம். மேல்மலையில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும் போடுகிறவர்களுக்கு, விடிகாலையில் உறைபனி விழுமா விழாதா என்று முந்தின நாள் சாயங்காலமே சொல்வது எங்கள் வேலை. மார்கழி, தை மாதங்களில் ஒரே விடியலில் கிழங்குச் செடி வெந்துபோன மாதிரி கருகிவிடும். முன்னமே தெரிந்தால் சாக்கோ வைக்கோலோ போட்டு மூடிக் காப்பாற்றலாம். அலுவலகத்தில் மூன்று பேர். மேலாளர் பிலிப் சார், ஊர்களிலிருந்து வரும் வெப்ப அளவுகளை டைப் செய்யும் ராஜி அக்கா, இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள நான்.

இயந்திரம் என்றால் இடுப்புயரம், நான்கு ப்ராசஸர் உள்ள பழைய சர்வர். கீழே ஏதோ ஒரு கல்லூரியில் கழித்துக்கட்டியதை பிலிப் சார் கேட்டு வாங்கியிருந்தார். கேரட் இறக்கிவிட்டுச் சும்மா திரும்பும் லாரியில், கேரட் சாக்கு சுற்றிக்கொண்டு மலையேறி வந்தது. அதன் இண்டு இடுக்கிலிருந்து ஒரு வருடம் வரைக்கும் செம்மண் உதிர்ந்தது. விலைக்கு மென்பொருள் வாங்க வக்கில்லாததால், இலவசமாகக் கிடைத்த யூனிக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றை நான்தான் அதில் ஏற்றினேன். நான்கு ப்ராசஸரும் அடையாளம் கண்டுகொள்ளப்பட்டு, சைபர், ஒன்று, இரண்டு, மூன்று என்று திரையில் வரிசையாக வந்த அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே அடுப்பங்கரையில் நான்கு பேர் இடித்துக்கொள்ளாமல் சமைக்கிற மாதிரி, வேலையை அது பங்கு போட்டுக் கொடுக்கும் அழகை ராஜி அக்காவுக்கு மூச்சுவிடாமல் விளக்கினேன்.

"அதென்ன, மூத்த புள்ளைக்கு சைபர்னா பேரு வைப்பாக?" என்றாள். அவளே பெயரை மாற்றினாள். மூத்தவ, நடுவுலவ, இளையவ, கடைக்குட்டி. கோளாறு செய்யும் ப்ராசஸரை மட்டும், இயந்திரத்தை நிறுத்தாமலே, ஒரு கட்டளை கொடுத்துத் தூங்க வைக்கலாம் என்று சொன்னபோது அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க வீட்டுல நாத்தனா ஒருத்தி இருக்கா. அவளுக்கு இந்த மாதிரி ஒண்ணு இருந்தாச் சொல்லு."

அந்தச் சர்வரை நிறுத்தக் கூடாது. வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை ஒழுங்கு மரியாதையாக நிறுத்திவிட்டுப் போனேன். திங்கட்கிழமை காலை இரண்டு டிஸ்க்கில் ஒன்று சுழலவில்லை. வருடக்கணக்காக ஓடித் தேய்ந்த டிஸ்க், அந்தக் குளிரில் இரண்டு நாள் நின்றதும் விறைத்துப் போயிற்று. அதிலிருந்து எங்கள் அலுவலகத்தின் ஒரே சட்டம், நிறுத்தாதே என்பதுதான். இரவும் பகலும் ஓடியதால் முதுகுப் பக்கம் எப்போதும் வெதுவெதுப்பு. முதலில் நான் காலுறையைப் போட்டேன். பிறகு அக்கா, தன் புருஷன் ஊரான பூண்டியிலிருந்து கொண்டுவரும் பச்சைப் பூண்டுக் கொத்துகளைக் கயிறு கட்டித் தொங்கவிட்டாள்.

"இது சர்வர்மா, கொடிக்கயிறு இல்ல. ப்ளீஸ். கொஞ்சம் டீசன்சி வேணும்" என்று பிலிப் சார் கத்தினார். அடுத்த மழையில் அவருடைய குல்லாயும் அங்கே தொங்கிற்று. பின் சுவரில் ஒரு காட்டெருமை முதுகைச் சொறிந்துகொண்டு போகும்போது பூண்டுக் கொத்து எல்லாம் லேசாக ஆடும்.

குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன். விவசாயிகள் ஒரு எண்ணுக்கு ஃபோன் செய்து, பூண்டிக்கு ஒன்று, மன்னவனூருக்கு இரண்டு, வில்பட்டிக்கு மூன்று என்று அமுக்கினால், இயந்திரம் பதில் சொல்லும். அதற்குக் குரல் கொடுத்தது ராஜி அக்கா. பிலிப் சார் வானொலித் தமிழில் எழுதி வைத்திருந்தார். 'அதிகாலையில் உறைபனி நிலவக்கூடும்.' அக்கா அதை ஒருமுறை படித்தாள், பேப்பரைத் திருப்பி வைத்தாள். "சார், இதக் கேட்டு முடிக்கறதுக்குள்ள செடி கருகிப்போகும். 'வெள்ளனே பனி விழும், வெரசா மூடி வைங்க'ன்னு சொன்னாப் பத்தாதா?" அப்படியே பதிவு செய்தோம். வெளிச்சத்தம் வராமல் ஜன்னலில் ரஜாய்ப் போர்வை கட்டி, இரண்டு மத்தியானம். ஊர்ப் பெயர்கள், எண்கள், 'இன்னிக்கு', 'பனி', 'விழும்', 'இல்ல'. வெட்டித் தனித்தனியாக்கும் பொறுமை எனக்கு இல்லை. எல்லாவற்றையும் ஒரே நீள ஃபைலாக வைத்துக்கொண்டு, எந்தச் சொல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று ஒரு பட்டியல் மட்டும் எழுதினேன். நிரல் அந்தந்த இடத்துக்குத் தாவித் தாவிச் சொல்லைப் பொறுக்கிப் பேசும்.

தாவிப் போகும் இடங்களில் அக்காவின் மற்றப் பேச்சு எல்லாம் கிடந்தது. இருமல், "இது போதுமா?", டீ உறிஞ்சும் சத்தம். எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தவள் நாலில் நின்றுவிட்டாள். வீட்டில் விதைப்பூண்டு மூட்டை மழையில் நனைந்த கதை ஞாபகம் வந்துவிட்டது. அதை மூடாமல் விட்டது அக்காதான். ஆனால் அவள் புருஷன் தங்கராசு, தான்தான் மறந்துவிட்டதாகத் தன் அம்மாவிடம் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டாராம். "இன்னிக்கு வரைக்கும் அந்த மனுசன் அதப்பத்தி ஒரு சொல்லு கேட்டதில்ல, தெரியுமா" என்று சொல்லிவிட்டு, மறுபடி அஞ்சு, ஆறு என்று தொடர்ந்தாள். இயந்திரம் அந்த இடத்தைத் தாண்டித்தான் போகும். ஃபோன் செய்கிறவர் யாருக்கும் அது கேட்காது.

தங்கராசு அண்ணன் பூண்டியில் பூண்டும் கேரட்டும் போட்டிருந்தார். பூண்டி தினம் போய்வரும் தூரம் இல்லை. அதனால் அக்கா வேலை நாட்களில் வில்பட்டியில் தன் அம்மா வீட்டில் தங்குவாள், சனிக்கிழமை பூண்டிக்குப் போவாள். அண்ணன் தினமும் சாயங்காலம் ஆறு பத்துக்கு ஊர் டெலிஃபோன் பூத்திலிருந்து பனி எண்ணுக்கு அடிப்பார். ஒருமுறை அலுவலகத்துக்கு வந்தவரை, அக்காவையே நேராகக் கூப்பிட்டால் என்ன என்று கேலி செய்தேன். "நேர்ல பேசுனா நாலு சோலி சொல்லுவாம்மா. இதுல பனியச் சொல்லிட்டுப் பேசாம வச்சுருவா" என்றார். அக்கா பென்சிலை எடுத்து அவர் மேல் எறிந்தாள்.

அடுத்த ஐப்பசியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நான்காம் நாள் போய்விட்டாள். முப்பத்திரண்டு வயது. அவளுடைய பூண்டுக் கொத்து சர்வருக்குப் பின்னால் காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கழற்ற யாருக்கும் மனசு வரவில்லை. அந்தப் பனிக்காலம் முழுக்க, மூன்று ஊர்க்காரர்களுக்கும் அவள்தான் பனி சொன்னாள். பிலிப் சார் வேறு குரல் போடலாமா என்று ஒருமுறை ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ சொல்லப் போய்விட்டார்.

பனிக்காலம் முடிந்தால் பனி எண்ணுக்கு யாரும் அடிக்க மாட்டார்கள். சித்திரை மாதம் அழைப்புப் பதிவேட்டைப் புரட்டியபோது பார்த்தேன். தினமும் ஆறு பத்துக்கு ஒரு அழைப்பு, அமுக்கிய எண் ஒன்று. சில நாட்களில் அடுத்தடுத்து மூன்று முறை. வெயில் காலத்தில் இயந்திரத்துக்குச் சொல்ல ஒன்றுதான் இருந்தது. 'பூண்டி. இன்னிக்குப் பனி இல்ல.' அதைக் கேட்கத்தான் அவர் தினமும் பூத்துக்கு நடந்திருக்கிறார்.

வைகாசியில் அவரே வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, குல்லாயைக் கையில் திருகிக்கொண்டே கேட்டார். எங்கள் அலுவலகத்தில் பிலிப் சார் பாட்டுக் கேட்கும், ரேடியோவும் கேசட் ரெக்கார்டரும் சேர்ந்த டூ-இன்-ஒன் ஒன்று இருந்தது, ஃபோனுக்குப் பக்கத்திலேயே. அதைக் காட்டி, "ஃபோன அது பக்கத்துல வச்சு, அவ பேசுறத ஒரு கேசட்டுல புடிச்சுக் குடுப்பீங்களாம்மா? என்னிக்காச்சும் இந்த மெசின் நின்னுபோச்சுன்னா..."

அப்போது நான் சொன்ன பதிலை இன்றைக்கும் எழுதக் கூசுகிறது. "கேசட்டா? கரகரன்னு இருக்கும்ணே. அதுவும் வெறும் பனியும் நம்பரும்தான் வரும். எங்கிட்ட முழுசும் இருக்கு. அக்கா சிரிச்சது, பேசுனது, உங்களப் பத்திச் சொன்னது எல்லாம். சி.டி.ல சுத்தமாப் போட்டுத் தர்றேன், பத்து நாள் பொறுங்க."

"என்னப் பத்தியா?" என்றார். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என்ன சொன்னாள் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அவள் குரலிலேயே கேட்கட்டும், அப்போதுதான் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். நினைப்பு என்னவோ நல்ல நினைப்புதான்.

சி.டி. போட, ஃபைலை இன்னொரு பக்கம் நகலெடுக்க வேண்டும். டிஸ்க்கில் இடம் இல்லை. தேடியபோது அதே ஃபைல் இரண்டு இடங்களில் இருந்தது. முன்னால் எப்போதோ பத்திரத்துக்கு நகல் எடுத்திருக்கிறேன் என்று என்னையே மெச்சிக்கொண்டு ஒன்றை அழித்தேன். யூனிக்ஸில் ஒரு வசதி உண்டு. ஒரு ஃபைல் ஓரிடத்தில் இருக்க, இன்னோரிடத்தில் அதன் பெயரில் வெறும் கைகாட்டிப் பலகை மட்டும் வைக்கலாம். பலகையிடம் கேட்டாலும் ஃபைலே பேசுவது மாதிரி பேசும். பதிவு செய்த வாரம் என் சோம்பேறித்தனத்துக்கு அப்படி ஒரு பலகையை வைத்தவளும் நான்தான். இப்போது பலகையை வைத்துக்கொண்டு வீட்டை இடித்துவிட்டேன்.

நகலெடுக்கப் போனால், அப்படி ஒரு ஃபைல் இல்லை என்றது திரை. பேக்கப் நாடாக்களை எடுத்தேன். கொடைக்கானலில் எதில்தான் பூஞ்சை பிடிக்காது? கேமரா லென்ஸில் பிடிக்கும், என் டிகிரி சர்டிஃபிகேட்டில்கூடப் பிடித்தது. நாடாவில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது, ஒன்றும் படிக்கவில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். ஆறு பத்துக்கு ஃபோன் மணி அடித்தது. மோடத்தின் விளக்கு சிமிட்டியது. உள் ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது. 'பூண்டி. இன்னிக்குப் பனி இல்ல.'

நான் எழுந்து கதவோரம் போய் நின்றுவிட்டேன். பயந்துபோனேன் என்றுதான் சொல்ல வேண்டும். அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. இந்த வகை இயங்குதளத்தில், ஒரு நிரல் ஒரு ஃபைலைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் அதை அழித்தால், பெயர்தான் அழியும். பிடித்திருக்கிற நிரல் விடுகிற வரைக்கும் உள்ளே இருப்பது அழியாது. அழித்த பிறகும் டிஸ்க்கில் இடம் கூடாமல் இருந்தது அதனால்தான். பனி நிரல் ஓடுகிற வரைக்கும் அக்கா பேசுவாள். நிரல் நின்றால், அல்லது இயந்திரம் நின்றால், அவ்வளவுதான்.

பத்து நாள் என்று சொன்னது பல மாதம் ஆயிற்று. அண்ணன் ஒருமுறைகூட நினைவுபடுத்தவில்லை. நான் தெரிந்தவர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் எழுதினேன். டயல்-அப் இணைப்பில் ஒரு கடிதம் போவதற்குள் டீ ஆறிவிடும். ஒருவர் முடியாது என்றார், ஒருவர் பதிலே போடவில்லை. ஆடி மாதம் நாலாவது ப்ராசஸர், கடைக்குட்டி, திரையில் பிழை மேல் பிழையாகக் கொட்ட ஆரம்பித்தாள். இயந்திரமே விழுந்துவிடும் முன், அவளைத் தூங்க வைத்தேன். ஆவணியில் இளையவ. புரட்டாசி முடிவதற்குள் நடுவுலவளும் போய், மூத்தவ ஒருத்தி தலையில் எல்லாப் பாரமும் விழுந்தது. அதன் விளைவு எனக்குக் காதில் விழுந்தது. ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குத் தாவ இயந்திரத்துக்கு நேரம் பிடித்தது. 'பூண்டி' என்று சொல்லிவிட்டு அக்கா யோசிப்பாள். 'இன்னிக்கு' என்பாள். மறுபடி யோசிப்பாள். தனியாக அந்த அறையில் உட்கார்ந்து அதைக் கேட்பேன். மூச்சு வாங்குகிறதோ என்று ஒருநாள் தோன்றியது. அன்றைக்கு வேலையை விட்டு வெளியே வந்து, ரோட்டில் நின்று அழுதேன்.

அவ்வளவு நாளும் அந்த டூ-இன்-ஒன் ஃபோனுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கேசட்டில் பிடிப்பது தோற்றுப் போவது மாதிரி எனக்குப் பட்டது என்று நினைக்கிறேன். முழுசையும் கொடுக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னவள், கரகர என்று நாலு சொல்லைக் கொண்டுபோய் எப்படி நீட்டுவது? பாதியாவது மிஞ்சட்டும் என்கிற அறிவு சாமானியனுக்கு வரும். கம்ப்யூட்டர் படித்தவளுக்கு வரவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை மரம் விழுந்து கரண்ட் போயிற்று. பிலிப் சார் மதுரைக்குப் போயிருந்தார். யு.பி.எஸ். மூன்று மணி நேரம் தாங்கும். பூண்டி பூத்துக்கு ஃபோன் போட்டு, தங்கராசு அண்ணனிடம் ஜெனரேட்டர் இருக்கிறதே, அதை எப்படியாவது கொண்டுவரச் சொல்லுங்கள் என்றேன். ஏன் எதற்கு என்று கேட்காமல், காய்கறி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, வழியில் விழுந்த கிளைகளை வெட்டித் தள்ளிக்கொண்டு அவர் வந்து சேர்ந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜெனரேட்டரும் அவரைப் போலவே நனைந்திருந்தது. கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். இருமியதே தவிர கிளம்பவில்லை. உள்ளே யு.பி.எஸ். கத்த ஆரம்பித்துவிட்டது.

"அப்படி என்னம்மா, இது நிக்கவே கூடாது?" என்று அப்போதுதான் கேட்டார்.

சொன்னேன். அழித்ததை, மறைத்ததை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். டூ-இன்-ஒன் பாட்டரியில் மழைச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"இப்ப ஃபோன் போட்டாப் பேசுவாளா?"

"பேசுவா. இன்னும் பத்து நிமிசம் இருந்தாலே அதிகம்ணே."

"அப்ப அந்த இஞ்சின விடுங்க" என்று சொல்லிவிட்டு, எங்கள் மேசை ஃபோனை எடுத்து, மனப்பாடமாகத் தெரிந்த எண்ணை அமுக்கினார். நின்றுகொண்டே கேட்டார். வைத்துவிட்டு மறுபடி அடித்தார். மூன்றாவது முறை அவர் காதில் ரிசீவர் இருக்கும்போது யு.பி.எஸ். நின்றது. விசிறிகளின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அடங்கியது. இரண்டு வருடமாக அந்த இரைச்சல் இல்லாமல் அந்த அறையை நான் கேட்டதே இல்லை. மழைச் சத்தம் இவ்வளவா என்றிருந்தது. ரேடியோ மட்டும் பேசிக்கொண்டே இருந்தது. எங்கள் இரண்டு பேர் கண்ணும் ஒரே நேரத்தில் அதன் மேல் போயிற்று. அவர் ரிசீவரை மெதுவாக வைத்தார், ரேடியோவை அணைத்தார்.

"'பனி'ன்னு சொன்னா" என்றார். "'இல்ல'ன்னு சொல்றதுக்குள்ள போயிருச்சு."

அதன் பிறகுதான் நான் விதைப்பூண்டு கதையைச் சொன்னேன். அவள் குரலில் கேட்கட்டும் என்று பொத்திப் பொத்தி வைத்ததை, என் வாயால், அழுதுகொண்டே, முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். "அப்பிடியா சொன்னா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குச் சாயங்காலம் பூண்டிக்குத் திரும்பியவர், வீட்டிலிருந்த சாக்கு, தார்ப்பாய், போர்வை எல்லாவற்றையும் எடுத்துப் பாத்தி முழுக்க மூடியிருக்கிறார். மழைக்காலத்தில் என்ன பனி என்று ஊரே சிரித்ததாம். பூத்துக்காரர் பிறகு என்னிடம் சொன்னார்.

கரண்ட் வந்தபோது டிஸ்க் சுழலவில்லை. கணப்புச் சட்டி பக்கத்தில் வைத்துச் சூடு காட்டினேன், தட்டிப் பார்த்தேன். பின்னாளில் பெங்களூரில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அனுப்பினேன். உள்ளே தகடு கீறிப்போயிருக்கிறது, ஒன்றும் தேறாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கும் சில வருடம் கழித்து, சென்னையில் என்னோடு வேலை பார்த்த ஒருவன் இதே மாதிரி ஓடுகிற ஃபைலை அழித்துவிட்டு வெலவெலத்து நின்றான். பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்து ஒரே ஒரு வரி டைப் செய்தாள். நிரல் பிடித்திருக்கும் ஃபைலை அந்தப் பிடிக்குள்ளிருந்தே நகலெடுக்க வழி இருந்திருக்கிறது. மூன்று விநாடி ஆயிற்று. எல்லாரும் கை தட்டினார்கள். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எங்கள் அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது ஹோம்மேட் சாக்லேட் விற்கிறார்கள். உள்ளே போனேன். சர்வர் இருந்த மூலையில் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் கை வைத்துப் பார்த்தேன், கடைக்காரப் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிலிப் சார் காலமாகிவிட்டார். பனி எண் செத்துப்போய் வெகுகாலம். பனி வருவதை இப்போது செல்ஃபோனில் எழுத்தாகவே அனுப்புகிறார்களாம், 'உறைபனி நிலவக்கூடும்' என்று. பூண்டியில் அந்த பூத் இல்லை.

தங்கராசு அண்ணன் இருக்கிறார். நரைத்துவிட்டது, முழங்கால் வலி. கொடைக்கானலுக்கு எப்போது வந்தாலும் பூண்டிக்குப் போய் அவரைப் பார்க்காமல் நான் திரும்புவதில்லை. கறுப்புக் காப்பி கொடுப்பார், பூண்டு விலை பேசுவார். நான் கிளம்ப எழும்போது, ஏதோ மறந்ததைக் கேட்பது போலக் கேட்பார். "அன்னிக்கு அவ என்னம்மா சொன்னா?"

இந்த முறையும் கேட்டார். நானும் சொன்னேன். நாலில் நின்றது, மூட்டை நனைந்தது, அந்த மனுசன் ஒரு சொல்லு கேட்டதில்லை என்றது. "அப்படிச் சொல்லிட்டு ஒரு பெருமூச்சு விட்டாண்ணே" என்று முடித்தேன்.

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "போன தடவ, சிரிச்சான்னு சொன்னீங்க."

அவர் என்னை விட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் பார்த்தார். "ரெண்டும் செய்யிறவதான்" என்றார்.

பஸ்ஸுக்கு நடந்து வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். சிரித்து ஒருமுறை, பெருமூச்சு விட்டு ஒருமுறை. 'பூண்டி. இன்னிக்குப் பனி இல்ல' என்பதையும் சொல்லிப் பார்த்தேன், மாதக்கணக்கில் தினம் கேட்ட வார்த்தை அது. எப்படிச் சொன்னாலும் என் குரல்தான் கேட்டது.